ஆபீசுக்குப் பின்புறம் உள்ள நிலம்

ஒரு நிலம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் நேரில் போய்ப் பார்த்தால் போதும் என்று ஜனங்கள் நெடுங்காலமாக நம்பிக்கொண்டிருந்தார்கள். இந்த மூடநம்பிக்கையைப் போக்கும் பொருட்டு ஓர் உத்தரவு வந்தது. பத்திரம் பதிய வருகிறவர்கள் சம்பந்தப்பட்ட நிலத்தில் நின்று செல்போனில் படம் எடுத்து, அதைப் பத்திரத்தோடு இணைக்க வேண்டும். அது சும்மா படமல்ல. எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, ஊர், மாநிலம் அனைத்தையும் செல்போனே தன் சொந்த அறிவால் கண்டுபிடித்துப் படத்தின் அடியில் அச்சடித்துவிடும். இல்லாத நிலத்தை விற்கிறவர்களும், அடுத்தவன் வீட்டைத் தன் வீடு என்று எழுதிக் கொடுக்கிறவர்களும் இதனால் ஒழிந்துபோவார்கள் என்று எதிர்பார்க்கப்பட்டது. நல்ல உத்தரவுதான். யாரும் குறை சொல்ல முடியாது.

பைரகொண்டப்பள்ளி, ஓசூருக்கு வடக்கே எல்லையோரம் இருக்கிற ஊர். ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வடக்கே நடந்தால் பீடி முடிவதற்குள் கர்நாடகம் வந்துவிடும். ஊர்க்காரர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், ரேஷன் கடையில் தமிழ் பேசுவார்கள், சண்டைக்குக் கன்னடம் வைத்திருப்பார்கள். அந்த ஊரில் திம்மராயன் என்ற பெரியவருக்குச் சர்வே எண் 214-இல் கேழ்வரகுக் கொல்லை இருந்தது. கொல்லையின் மூலையில் நஞ்சம்மாவின் வீடு. நஞ்சம்மாவின் மாமனார் அந்தக் கொல்லையில் ஏர் ஓட்டியவர், புருஷன் களத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தவர். நஞ்சம்மா இப்போது சிப்காட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். வீடு அவளுடையது. வீட்டுக்கு அடியில் இருக்கிற மண் திம்மராயனுடையது.

இதில் இத்தனை வருஷமும் யாருக்கும் தொந்தரவு இருந்ததில்லை. தொந்தரவு, திம்மராயனின் மகன் சுரேந்தர் மனை வியாபாரத்தில் இறங்கியபோது வந்தது. அவன் கொல்லையில் பாதியைப் பிளாட் போட்டு, 'லேக் வியூ கவுண்டி' என்று பெயர் வைத்தான். எங்கள் பக்கத்தில் ஒரு லேஅவுட்டுக்குத் தமிழிலோ தெலுங்கிலோ பெயர் வைத்தால் அதில் போர்வெல் போட்டால் தண்ணீர் வராது என்று நம்பிக்கை. ஏரி எங்கே என்று கேட்டவர்களிடம், வியூ என்றுதானே சொன்னோம், ஏரி தருவதாகச் சொன்னோமா என்று அவன் பொறுமையாக விளக்கினான். லேஅவுட் என்றால் வாசலில் ஒரு ஆர்ச் வேண்டும். ஆர்ச்சில் இரண்டு குதிரைகள் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். குதிரைகள் நிற்பதற்குப் பொருத்தமான இடம் நஞ்சம்மாவின் வீடு இருந்த மூலைதான் என்று பெங்களூரிலிருந்து வந்த ஆர்க்கிடெக்ட் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

திம்மராயன் நஞ்சம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். அவருக்கு ஏற்கெனவே மூச்சிரைப்பு.

"நான் இருக்கிறப்பவே அந்த மூலையை உன் பேருக்கு எழுதிடறேன் நஞ்சி. நான் போயிட்டா இவன் உன் அடுப்பு மேல குதிரையை நிறுத்திடுவான்."

தானமாக எழுதிவிடலாம் என்றார் அவர். நஞ்சம்மா ஒத்துக்கொள்ளவில்லை. தானம் என்று எழுதினால் நாளைக்கு எவனாவது வாசலில் நின்று சொல்லிக்காட்டுவான், சீட்டுப் பணம் எடுத்துத் தருகிறேன், கிரையமாக எழுதுங்கள் என்று நின்றாள். பெரியவருக்கு அது பிடித்திருந்தது. இருவரும் பத்திரம் எழுதும் மாதேஸ்வரனிடம் போனார்கள். வடக்கே வண்டிப்பாதை, கிழக்கே திம்மராயன் கொல்லை என்று எல்லை நான்கையும் சொல்லி, மேற்படி சொத்தைப் புத்திர பௌத்திர பாரம்பரியமாகவும் சர்வ சுதந்திர பாத்தியங்களுடனும் சந்திர சூரியர் உள்ளவரை ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று மாதேஸ்வரன் எழுதினார். அந்த மூலையில் ஒரு அறை, ஒரு தாழ்வாரம், ஒரு அடுப்பு, அவ்வளவுதான் இருந்தது. ஆனாலும் படித்துக் காட்டியபோது நஞ்சம்மாவுக்குப் பெரிய இடமாகத்தான் தெரிந்தது.

சார்பதிவாளர் நிர்மலா மேடம் நல்லவர். லஞ்சம் வாங்காதவர். யாரையும் ஒருமையில் பேசாதவர். பத்திரத்தைப் பொறுமையாகப் படித்தார். பட்டாவைப் பார்த்தார், வில்லங்கச் சான்றைப் பார்த்தார், கடைசியில் படத்தைப் பார்த்தார். படத்தில் நஞ்சம்மாவும் திம்மராயனும் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். அடியில் 'கர்நாடகா' என்று அச்சாகியிருந்தது.

"நிலம் கர்நாடகாவுல இருக்குதே" என்றார் மேடம்.

"இல்லீங்க மேடம், பைரகொண்டப்பள்ளி" என்றார் திம்மராயன். "எங்கப்பா காலத்துல இருந்து ஓசூர் தாலுக்காவுக்குத்தான் கந்தாயம் கட்றோம்."

"எனக்குத் தெரியாதாங்க? என் தங்கச்சியைக் கொடுத்த ஊரு அதுக்கு அடுத்த ஊரு. அந்தக் கொல்லையைத் தாண்டித்தான் போவேன். நிலம் தமிழ்நாட்டுலதான் இருக்குது. ஆனா படத்துக்குத் தெரியலையே."

"படத்துக்கு நீங்க எடுத்துச் சொல்லக் கூடாதுங்களா?" என்று நஞ்சம்மா கேட்டாள்.

"அதுக்கு வழி இல்லம்மா. அது சொல்லும், நாம கேட்டுக்கணும்."

விஷயம் இதுதான். பைரகொண்டப்பள்ளியில் இருக்கிற செல்போன்களுக்குத் தமிழ்நாட்டு டவர் தூரம். எல்லைக்கு அந்தப் பக்கத்து டவர் பக்கம். ஊர்க்காரர்கள் காலையில் எழுந்ததும் கர்நாடகம் தங்களை வரவேற்கிறது என்ற குறுஞ்செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் பல் துலக்கப் போவார்கள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. வரவேற்கிறவர்கள் வரவேற்றுவிட்டுப் போகட்டும் என்று இருந்தார்கள்.

மாதேஸ்வரன் தொழில் தெரிந்தவர். தன் போனை எடுத்துக்கொண்டு ஊருக்கே வந்து சிக்னல் பிடிக்க ஆரம்பித்தார். வீட்டு வாசலில் கர்நாடகம். மாட்டுக் கொட்டகையில் கர்நாடகம். கிணற்று மேட்டில் ஒரு நிமிஷம் எதுவும் சொல்லாமல் யோசித்துவிட்டு மறுபடி கர்நாடகம். கடைசியில் ஊராட்சியின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியில் ஏறினார். ஏணியில் பாதி வரைக்கும் கர்நாடகம். உச்சியில் தமிழ்நாடு. ஆக, பைரகொண்டப்பள்ளியானது தரை மட்டத்தில் ஒரு மாநிலத்திலும் தொட்டி மட்டத்தில் இன்னொரு மாநிலத்திலும் அமைந்திருப்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாயிற்று. மாதேஸ்வரன் மேலிருந்தபடியே கீழே நின்றவர்களைப் படம் எடுத்தார்.

அந்தப் படத்தை மேடம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"மாநிலம் சரியா இருக்குது. ஆளுங்க யாருன்னு தெரியலையே. ரெண்டு புள்ளி இருக்குது. இதுல விக்கிறவர் எது, வாங்கறவங்க எது?"

"கொடை புடிச்சிருக்கிறது ஐயாங்க, மேடம்" என்றாள் நஞ்சம்மா.

குடையை வைத்து அடையாளம் எடுத்துக்கொள்ள விதியில் இடமில்லை என்று மேடம் வருத்தத்தோடு தெரிவித்தார். தவிரவும், நிலம் உயரத்தில்தான் தமிழ்நாட்டில் இருக்கிறது என்றால் அதற்கு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு உண்டான விதி பொருந்துமா என்பதையும் பார்க்க வேண்டியிருக்கும். அதெல்லாம் எதற்கு, சுலபமாக ஒரு வழி இருக்கிறது என்றார். இந்த நிலம் எங்களுடையது அல்ல என்று கர்நாடகத்தாரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி வந்துவிட்டால் அடுத்த நிமிஷமே பதிந்துவிடலாம்.

எல்லைக்கு அந்தப் பக்கத்து வருவாய் அலுவலகத்தில் இருந்த ஆபீசரும் நல்லவர்தான். பெரியவருக்கு நாற்காலி போடச் சொன்னார். "நம்து அல்லா சுவாமி", எங்களுடையது இல்லை என்று வாயால் உடனே சொல்லிவிட்டார். எழுத்தில் கேட்டபோதுதான் அவருக்குச் சிக்கல் புரிந்தது. தங்கள் ரெக்கார்டில் இருக்கிற நிலத்தைப் பற்றி மட்டுமே தாங்கள் எழுதிக் கொடுக்க முடியும். தங்களிடம் இல்லாத நிலத்தை இல்லை என்று எழுதுவதற்கும் அது முதலில் தங்கள் ரெக்கார்டில் இருந்தாக வேண்டும். எனவே சர்வே எண்ணைச் சொல்லுங்கள், பார்த்துவிடலாம் என்றார். திம்மராயன் 214 என்றார். அந்த ஊரிலும் ஒரு 214 இருந்தது. ஆபீசர் கம்ப்யூட்டரைத் தட்டினார். முத்திரை போட்ட சான்றிதழ் வந்தது: சர்வே எண் 214, ஏரி, அரசுக்குச் சொந்தம்.

திம்மராயனுக்குக் கன்னடம் படிக்கத் தெரியும். இது எங்கள் 214 இல்லை என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நீங்கள் கேட்டதும் 214, நான் கொடுத்ததும் 214, இதற்குமேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும் என்று ஆபீசர் கேட்டார். 

சான்றிதழின் மொழிபெயர்ப்பை நிர்மலா மேடம் இரண்டு தடவை படித்தார்.

"முதல்ல இது வெளிமாநிலமா மட்டும்தான் இருந்துச்சு" என்றார். "இப்ப வெளிமாநிலத்து ஏரியாவும் ஆயிடுச்சு. நீர்நிலையைப் பதியவே கூடாதுன்னு கண்டிப்பான உத்தரவு இருக்குதும்மா."

"ஏரிக்குள்ளயாங்க மேடம் நான் இத்தனை வருஷமா களி கிண்டிட்டிருக்கிறேன்?"

"எதுக்குள்ள கிண்டறீங்கன்னு கேக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா."

இந்தச் சான்றிதழால் பயனடைந்த ஒரே ஆள் சுரேந்தர். அதைக் கேள்விப்பட்டதும் அப்பாவிடம் வந்து ஒரு ஜெராக்ஸ் வாங்கிக்கொண்டு போனான். மறுவாரமே லேக் வியூ கவுண்டியின் விளம்பரத்தில் 'அரசுச் சான்று பெற்ற ஏரி' என்று ஒரு வரி சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூரிலிருந்து கார்களில் வந்தவர்கள் ஏரியைத் தேடினார்கள். இது சீசன் இல்லை என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அவர்களும் சரி என்று கேட்டுக்கொண்டு, கேழ்வரகுத் தாள்களுக்கு முன்னால் குடும்பத்தோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள்.

பெரியவருக்கு இரைப்பு அதிகமாயிற்று. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், திரும்பக் கொண்டுவந்தார்கள். கட்டிலில் உட்கார்ந்தபடி, எழுதி முடித்தாயிற்றா என்று தினமும் கேட்டார். நஞ்சம்மாவுக்கு ஒரு விஷயம் மட்டும் விளங்கவில்லை. சுரேந்தர் விற்கிற பிளாட்டுகளும் அதே 214-தான். அதே டவர்தான். ஆனால் வாங்கியவர்கள் பத்திரம் பதிந்துவிட்டு ஸ்வீட் பாக்கெட்டோடு வந்துகொண்டே இருந்தார்கள். அவள் மாதேஸ்வரனிடம் போய் நின்றாள்.

"அவங்களுக்கு மட்டும் எப்படிங்க அது தமிழ்நாடு?"

மாதேஸ்வரன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீங்க நெஜமாவே நிலத்துக்குப் போய்ப் படம் எடுக்கறீங்க. அதான் தப்பு."

அவர் அவளை ஆபீசுக்குப் பின்புறம் அழைத்துப் போனார். அங்கே ஒரு சுற்றுச்சுவர், எப்போதோ ஜப்தி செய்து நிறுத்திய ஒரு டிராக்டர், உண்ணிப் புதர். டிராக்டருக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் போடுகிற அளவுக்குத் தரை மட்டும் புல் முளைக்காமல் வழவழவென்று இருந்தது. அந்த இடத்தில் எந்தக் கம்பெனி போனை நீட்டினாலும் தமிழ்நாடு என்றுதான் அச்சாகும். அந்தத் தொட்டியில் ஏறி இறங்கிய பிறகுதான் இந்த இடம் அகப்பட்டது, இப்போது எல்லையோரம் இருக்கிற ஊர்கள் அனைத்தின் நிலங்களும் இங்கேதான் படம் எடுக்கப்படுகின்றன என்று மாதேஸ்வரன் சொன்னார். அதற்கென்று அவரிடம் தெர்மாகோலில் செய்து சுண்ணாம்பு அடித்த ஒரு எல்லைக்கல் இருந்தது. சர்வே எண்ணைச் சாக்பீஸால் எழுதிக்கொள்ளலாம், அழித்துக்கொள்ளலாம். நிஜக் கல்லை வைத்தால் நிலத்துக்காரர்களால் நகர்த்த முடிவதில்லை, தவிர இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

ஜனங்கள் அந்த இடத்தில் நிற்கிற அழகைப் பார்க்க வேண்டும். பெண்கள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நிற்பார்கள். பெங்களூர்க்காரர்கள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, தங்கள் நிலம் எதுவரை போகிறது என்று சுற்றுச்சுவரைக் கையால் காட்டியபடி நிற்பார்கள். கொஞ்சம் மண்ணை எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. மேடத்தின் நாற்காலியிலிருந்து பார்த்தால் ஜன்னல் வழியாக அந்த இடம் முழுக்கத் தெரியும். ஆனால் ஜன்னலைப் பார்த்துப் பத்திரம் பதிய வேண்டும் என்று எந்த விதியிலும் சொல்லப்படவில்லை.

திம்மராயனைக் காரில் உட்காரவைத்துக் கூட்டி வந்தார்கள். அவர் அந்தத் தரையைச் சுற்றிப் பார்த்தார்.

"இது என் நிலம் இல்லையே. இது எவன் நிலம்?"

"இப்போதைக்கு உங்களுது. கொஞ்சம் நிமிர்ந்து நில்லுங்க" என்றார் மாதேஸ்வரன்.

படம் எடுத்தார்கள். தமிழ்நாடு என்று வந்தது. மேடம் அதைப் பார்த்து முகம் மலர்ந்து, பார்த்தீர்களா, இப்போது எவ்வளவு தெளிவாக இருக்கிறது, இதை முதலிலேயே செய்திருந்தால் பெரியவருக்கு இத்தனை அலைச்சல் இருந்திருக்காதே என்றார். பெரியவர் கையெழுத்துப் போட்டார். நஞ்சம்மாவும் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். வெளியே வந்ததும் அவர் அவள் தலையில் கை வைத்து, இனிமேல் எவனும் உன்னைக் கிளப்ப முடியாது என்றார். அந்த வருஷத்துக் கேழ்வரகு அறுப்புக்கு அவர் இல்லை.

காரியம் முடிந்து கொஞ்ச நாளில் மேலிடத்திலிருந்து வெங்கடப்பன் என்ற தணிக்கை அதிகாரி வந்தார். அவர் கையில் ஒரு வரைபடம் இருந்தது. எங்கெங்கே நிலம் கைமாறுகிறதோ அங்கெல்லாம் ஒரு சிவப்புப் புள்ளி விழுமாறு கம்ப்யூட்டர் வரைந்த படம். மற்ற வட்டாரங்களில் கடுகைக் கொட்டினாற்போல் புள்ளிகள் சிதறியிருந்தன. இங்கே மட்டும் ஒரே ஒரு புள்ளி. பெரிதாக்கிப் பார்த்தால் அது ஆபீசுக்குப் பின்புறம் இருந்தது.

நிர்மலா மேடம் அந்தப் புள்ளியை இன்னும் ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்தார். இத்தனை பத்திரமும் தப்பா சார் என்று கேட்டார்.

வெங்கடப்பன் அனுபவசாலி. "பத்திரம் தப்புன்னு சொன்னா பதிஞ்சது தப்பு. பதிஞ்சது தப்புன்னா பதிஞ்சவங்க தப்பு. படம் எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டவங்க வரைக்கும் அது போகும். அந்த வழியில போகவே வேண்டாம்மா" என்றார்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. பத்திரங்கள் சரி, படங்களும் சரி. ஆகவே நிலங்கள் இருப்பது ஆபீசுக்குப் பின்புறம்தான். அவை வேறு எங்கேயோ இருப்பதாக ஜனங்கள் இத்தனை நாளும் தவறாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒரு சுற்றறிக்கை வந்தது: 'ஆவணத்தில் கண்ட நிலம் எது என்று ஐயம் எழுமிடத்து, இணைக்கப்பட்ட படத்தில் கண்ட நிலமே ஆவணத்தில் கண்ட நிலமாகக் கருதப்படும்.'

இதைப் படித்து ஜனங்கள் கொதித்தெழுவார்கள் என்று ஆபீசுக்குப் போலீஸ் காவல் போட்டார்கள். யாரும் கொதிக்கவில்லை. மாறாகப் பட்டாசு வெடித்தார்கள். காட்டோரம் யானை வந்து மிதிக்கிற இடத்தில் பிளாட் வாங்கியவர்களுக்கெல்லாம் இப்போது டவுனில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இடம். அவர்களில் வீடு கட்டுவதற்காக நிலம் வாங்கியவர்கள் வெகு சிலர். மற்றவர்கள் விற்பதற்காக வாங்கியவர்கள். விற்பதற்கு நிலம் எங்கே இருந்தால் என்ன? எல்லாரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டவன் சுரேந்தர். அவன் விற்று முடித்த லேஅவுட் முழுவதும் மறுபடியும் அவனுடையதாகிவிட்டது. முதலிலிருந்து விற்கலாம்.

கட்டில் அளவு நிலத்துக்கு ஒரு ஜில்லாவின் ஜனம் சொந்தம் கொண்டாடுவதில் உள்ள சிரமத்தையும் மேடமே தீர்த்துவைத்தார். ஆளுக்கு ஒரு நாள். அன்றைக்கு அந்த நிலம் அவருக்கு மட்டும் சர்வ சுதந்திர பாத்தியம். குலுக்கல் போட்டு நாள் ஒதுக்கினார்கள். வருஷத்தில் இருக்கிற நாள்களைவிட உரிமையாளர்கள் அதிகமாக இருந்ததால் பின்னால் வந்தவர்களுக்கு முற்பகல் அல்லது பிற்பகல். அன்றைய உரிமையாளர் அனுமதித்தால் வழக்கம்போல மற்றவர்கள் அங்கே படம் எடுத்துக்கொள்ளலாம். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் எல்லாரும் அனுமதித்தார்கள்.

பிறகு நாள்களை வாங்கி விற்பது ஒரு மோகமாகிவிட்டது. உனக்குப் பிளாட் இருக்கிறதா என்று கேட்பது போய், உனக்கு நாள் இருக்கிறதா என்று சிப்காட் கேன்டீன்களில் கேட்டார்கள். அமாவாசைக்கு மவுசு இல்லை. அட்சய திருதியை யாரிடம் இருக்கிறது என்றே வெளியே சொல்லமாட்டார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளைக்கு மார்கழியில் இரண்டு நாள் இருக்கிறது என்று தெரிந்து சம்பந்தம் முறிந்ததும் நடந்தது.

ஒரு நாள் காலையில் சுரேந்தர் நஞ்சம்மா வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினான். அவன் சின்னப் பையனாக இருந்தபோது அவளுடைய இடுப்பில் உட்கார்ந்து வளர்ந்தவன். மரியாதை தெரிந்தவன்.

"நஞ்சம்மாக்கா, எங்கப்பா கை ராசியைப் பாருங்க. உங்களுக்கு டவுன்லயே இடம் அமைஞ்சிடுச்சு."

"நான் எந்த டவுனுக்கும் போகல தம்பி. இதான் என் ஊடு."

"ஊடு உங்களுதுதாங்க்கா. யாரு இல்லேன்னா? மண்ணு பத்திரத்துல இல்ல. ஆவணி பொறந்ததும் ஆர்ச் வேலை ஆரம்பிக்கிறோம். அதுக்குள்ள சாமானை எல்லாம் உங்க நிலத்துக்குக் கொண்டுபோயிடுங்க. வேணும்னா என் டெம்போவைத் தர்றேன்."

"என் நிலம் வருஷத்துல ஒரு நாளுதானே தம்பி. மிச்ச நாளு நான் எங்க இருக்கிறது?"

அதைப் பற்றி அவன் யோசிக்கவில்லை. ஆனால் அந்த ஒரு நாளை நன்றாக ஆண்டு அனுபவிக்கும்படி கேட்டுக்கொண்டான்.

நஞ்சம்மா மேடத்திடம் ஓடினாள். மேடம் அவளை உட்காரவைத்து, இதற்குப் பிழைதிருத்தல் பத்திரம் என்று ஒன்று இருக்கிறது, விற்றவர் வந்து ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். விற்றவர் செத்துப்போய்விட்டார் என்றாள் நஞ்சம்மா. அப்படியானால் அவருடைய வாரிசு போடலாம் என்றார் மேடம். பிறகு அந்த வாரிசு யார் என்று இருவருக்கும் நினைவு வந்தது.

குலுக்கலில் நஞ்சம்மாவுக்கு விழுந்திருந்தது ஆவணி மாதத்து முதல் முகூர்த்த நாள். முகூர்த்த நாளில் பத்திரம் பதிய ஜனம் அலைமோதும், டோக்கனும் இரட்டிப்பாகக் கொடுப்பார்கள். அந்த நாளைக் கேட்டுப் புரோக்கர்கள் கேன்டீனுக்கே வந்தார்கள். அதற்குப் பதிலாகத் தை மாதத்தில் பத்து நாள் தருகிறேன் என்று சுரேந்தர் சொல்லியனுப்பினான். அவள் யாருக்கும் கொடுக்கவில்லை.

அன்றைக்குக் காலை ஆபீஸ் திறப்பதற்கு முன்பே நஞ்சம்மா வந்துவிட்டாள். தலைச்சுமையாகக் கொண்டுவந்த மூன்று கற்களை அந்த வழவழப்பான தரையில் வைத்தாள், விறகை மூட்டினாள், பானையை ஏற்றிக் களிக்கு உலை வைத்துவிட்டு நடுவில் உட்கார்ந்துகொண்டாள். மாதேஸ்வரன் தெர்மாகோல் கல்லைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதல் பார்ட்டியோடு வந்தார். கொஞ்சம் நகருங்கள் என்றார்.

"இன்னிக்கு இது என் நிலம்" என்றாள் நஞ்சம்மா. "என் நிலத்துல நின்னு எவனும் தன் நிலம்னு படம் புடிக்கக் கூடாது."

டீ வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். டிபனும் வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். படம் இல்லாமல் பத்திரம் இல்லை, பத்திரம் இல்லாமல் பதிவு இல்லை. வரிசை ஆபீஸ் வாசலைத் தாண்டி, ஜெராக்ஸ் கடையைத் தாண்டி, மெயின் ரோட்டுக்குப் போய்விட்டது. நிர்மலா மேடம் கீழே இறங்கி வந்து, தான் போட்ட உத்தரவைத் தானே ஒருமுறை படித்துப் பார்த்தார். அந்த அம்மா சொல்வது சட்டப்படி சரி என்று அறிவித்தார். பிறகு நஞ்சம்மாவின் முன்னால் குந்தினார்.

"உங்களுக்கு என்னம்மா வேணும்?"

"ஒண்ணும் வேணாம் மேடம். ஒருவாட்டி எங்கூட வாங்க. என் ஊட்டு வாசல்ல வந்து நில்லுங்க. கண்ணால பாருங்க. பாத்ததைப் பத்திரத்துல ஒரு ஓரமா எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அப்புறம் இந்த இடத்தை நீங்களே வச்சிக்கிங்க. எனக்கு இது வேணாம்."

மேடம் எழுந்து உள்ளே போனார். பழைய அலமாரியிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். சார்பதிவாளர் தேவைப்பட்டால் நேரில் சென்று சொத்தைப் பார்வையிடலாம் என்று ஒரு விதி அதில் இருந்தது. யாரும் பயன்படுத்தாததால் யாரும் அதை ரத்து செய்யவும் இல்லை. மேடம் வெளியே வந்து ஜீப்பை எடுக்கச் சொன்னார். நஞ்சம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

அப்போதுதான் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"மேடம் போயிட்டா எங்க டோக்கன் என்னாவறது?"

நியாயமான கேள்வி. அதைத் தொடர்ந்து மற்ற நியாயங்களும் வந்தன. ராகு காலத்துக்கு முன்னால் முடித்தாக வேண்டும் என்றார் ஒருவர். பெங்களூரிலிருந்து லீவு போட்டு வந்திருக்கிறோம் என்றார்கள் ஒரு கணவனும் மனைவியும். சைக்கிளில் வந்த ஒரு பெரியவர், மூன்று வருஷம் அலைந்து இன்றைக்குத்தான் டோக்கன் கிடைத்தது என்று அழுகிற மாதிரி சொன்னார். அங்கே நின்ற ஒவ்வொருவரும் அதே ஆபீசிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள்தான். ஒவ்வொருவரும் ஏதோ ஒரு தண்ணீர்த் தொட்டியில் ஏறி இறங்கியவர்கள்தான்.

"ஏம்மா, உனக்கு இருக்கிறது ஒரு ஊடு" என்று ஒரு பெண் நஞ்சம்மாவிடம் கேட்டாள். "இங்க நாங்க எத்தனை பேரு நிக்கிறோம், கண்ணு தெரியலையா?"

ஜனங்கள் ஜீப்பின் முன்னால் போய் நின்றார்கள். மேடம் ஜீப்பைப் பார்த்தார், ஜனங்களைப் பார்த்தார். பொதுமக்களுக்குச் சேவை செய்வதுதான் தன் கடமை என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். திரும்பிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

பிறகு நடந்ததில் முரட்டுத்தனம் எதுவும் இல்லை. இரண்டு பேர் துணியால் பிடித்துப் பானையைத் தூக்கி ரோட்டோரம் கொண்டுபோய் வைத்தார்கள், உலைத் தண்ணீர் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. கற்களை ஆளுக்கொன்றாக எடுத்துப் போனார்கள். விறகைக் காலால் தள்ளாமல் குனிந்து கையால் ஒதுக்கினார்கள். சைக்கிள் பெரியவர் நஞ்சம்மாவின் கையைப் பிடித்து, பார்த்து வாம்மா, கல் இருக்கிறது என்று சொல்லிக் கூட்டிப் போனார். அவர்களில் கெட்டவர்கள் ஒருவரும் இல்லை. எல்லார் கையிலும் டோக்கன் இருந்தது.

இடம் காலியானதும் முதலில் படம் எடுத்துக்கொண்டவன் சுரேந்தர். சர்வே எண் 214-இன் மூலையை, ஆர்ச் கட்டுவதற்காக லேக் வியூ கவுண்டி நலச்சங்கத்துக்கு அவன் எழுதிக் கொடுத்த பத்திரத்துக்கான படம் அது. படம் நன்றாகவே வந்திருக்கிறது. ஆள் தெரிகிறது, கல் தெரிகிறது, அடியில் தமிழ்நாடு என்று தெளிவாக இருக்கிறது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் புகை. இது என்ன என்று மேடம் கேட்டாராம். மூடுபனி என்று மாதேஸ்வரன் சொல்லியிருக்கிறார். ஆவணி மாதத்து உச்சிவெயிலில் என்ன மூடுபனி என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த டோக்கன்காரர் ஏற்கெனவே வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.